புது முகம், பழைய சட்டகம்: மாறியிருக்கும் ஹைலக்ஸ் பிக்கப் திருவனந்தபுரத்தில் ஓட்ட ஏற்ற வண்டியா?

டொயோட்டா ஹைலக்ஸின் ஒன்பதாம் தலைமுறை 2025 நவம்பர் 10 அன்று தாய்லாந்தில் அறிமுகமானது. முந்தைய தலைமுறை வந்தது 2015-ல். அதாவது பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வண்டியின் முகம், டேஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாம் மாறியிருக்கிறது. தாய்லாந்தில் இதன் பெயர் 'ஹைலக்ஸ் டிராவோ'. கூடவே முழு மின்சார பிக்கப் ஒன்றும் வந்திருக்கிறது.

கேரளாவில் ஆஃப் ரோடு பிரியர்கள் அதிகம். மலைப்பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் முதல் வார இறுதியில் பொன்முடி ஏறுபவர்கள் வரை பலருக்கும் பிக்கப் மீது ஒரு கண் உண்டு. புது வண்டியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "ஒரு டன் ஏத்தும், மூன்றரை டன் இழுக்கும், வெள்ளத்துல போகும்" என்று சொல்பவர்களையும் பார்க்கலாம். இதில் பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி பெரும்பாலும் வேறு நாட்டுச் சாலைகளுக்கும் வேறு நாட்டுச் சட்டங்களுக்கும் பொருந்துவது.

பதிவுச் செலவோடு சேர்த்தால் நாற்பது லட்சத்தைத் தாண்டக்கூடிய வண்டி இது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று திருவனந்தபுரத்தில் இருந்தபடியே எண்களைப் பார்ப்போம்.

எது மாறியது, எது மாறவில்லை?

முதலில் மாறாதது. வண்டியின் எலும்புக்கூடு பழையதுதான். ஏணி போல இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், குறுக்கே கம்பிகள், அதன் மேல் கேபின். 'லேடர் ஃபிரேம்' என்கிற இந்த அமைப்பைத்தான் ஃபார்ச்சூனரும் இன்னோவா கிரிஸ்டாவும் பயன்படுத்துகின்றன. ஐ.எம்.வி. என்ற ஒரே குடும்பத்து அடித்தளம். புது ஹைலக்ஸும் அதையே மேம்படுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினும் தெரிந்த ஆள்தான்: 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக் கியரில் 204 குதிரைத் திறன், 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை.

மாறியது என்று பார்த்தால், முன்பக்கம் மெல்லிய விளக்குகளோடு அகலமாகத் தெரிகிறது. உள்ளே 12.3 அங்குலத் திரை. இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். கைக்குத் தெரியும் மாற்றம் ஸ்டீயரிங். பழைய ஹைலக்ஸில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். மெதுவாகத் திருப்பும்போது கனக்கும். கரடுமுரடான பாதையில் சக்கரம் கல்லில் மோதினால் கையில் 'வெடுக்'கென்று அடிக்கும். புதியதில் மின்மோட்டார் உதவும் ஸ்டீயரிங். சாலை மாநகராட்சி பக்கம் இருந்து நெய்யாற்றின்கரை வரை நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்குத் திரையைவிட இதுதான் பெரிய வித்தியாசம். பாதை மாறாமல் பார்த்துக்கொள்ளும் ஓட்டுநர் உதவி வசதிகளை இணைப்பதும் இந்த மாதிரி ஸ்டீயரிங் இருந்தால்தான் எளிது.

ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற சந்தைகளில் இந்த டீசலோடு 48 வோல்ட் சிறு மோட்டாரும் சேர்கிறது. 'மைல்டு ஹைப்ரிட்' என்று சொல்வார்கள். பெயரில் ஹைப்ரிட் இருப்பதால் பேட்டரியில் மட்டும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். சிக்னலில் எஞ்சின் நின்று சத்தமின்றி மறுபடி புறப்பட உதவும், கிளம்பும்போது கொஞ்சம் கை கொடுக்கும். அவ்வளவுதான். இதே 48 வோல்ட் ஏற்பாட்டோடு ஃபார்ச்சூனர் 'நியோ டிரைவ்' இந்தியாவில் 2025 ஜூனில் விற்பனைக்கு வந்தது.

பின்பக்கம் இன்னமும் லீஃப் ஸ்பிரிங்தான். லாரியில் பார்ப்போமே, அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள், அது. பாரம் ஏற்றினால் வண்டி அமைதியாக ஓடும். காலியாக ஓட்டினால் பின் சீட்டில் இருப்பவர் குதித்துக்கொண்டே வருவார். எந்தப் புது முகமும் இதை முழுசாக மாற்றிவிடாது. வீட்டில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகிற வண்டியாக இதை நினைத்திருந்தால், டெஸ்ட் டிரைவில் நீங்கள் ஓட்டாதீர்கள், பின்னால் உட்காருங்கள்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

இந்தியாவுக்கு 2022-ல் வந்தது எட்டாம் தலைமுறை ஹைலக்ஸ். பெங்களூரு அருகே பிடதியில் பூட்டப்படுகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் காட்டினார்கள், மார்ச் இறுதியில் விலை சொன்னார்கள்: ஷோரூம் விலை 33.99 லட்சத்தில் தொடங்கி 36.80 லட்சம் வரை. இடையில் பிப்ரவரியிலேயே முன்பதிவை நிறுத்திவைத்து, 2023 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அதே 2023-ல் அடிப்படை மாடலின் விலை 30.40 லட்சமாக இறங்கியது. உச்ச மாடல் 37.90 லட்சமானது.

அதற்கு முன்பே இந்த வகை வண்டியை இந்தியக் குடும்பங்களுக்கு விற்றுப் பார்த்த நிறுவனங்கள் உண்டு. மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஸெனான் இரண்டும் வந்து மறைந்தன. நின்று பிடித்தது இசுஸு டி-மேக்ஸ் வி-க்ராஸ். சென்னையிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில், ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் உள்ள தொழிற்சாலையில் தயாராகிறது. 2016-ல் 12.49 லட்சத்துக்கு வந்தது. 2021-ல் 1.9 லிட்டர், 163 குதிரைத் திறன் டீசலோடு மறுபடி வந்தபோது விலை 19.98 லட்சத்தில் தொடங்கியது. ஹைலக்ஸைப் பற்றி கீழே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் வி-க்ராஸுக்கும் பொருந்தும்.

'மிட் சைஸ்' என்றால் எவ்வளவு பெரிசு?

அமெரிக்காவில் இதற்கும் மேலே பெரிய பிக்கப்கள் இருப்பதால் இது அவர்களுக்கு நடுத்தர அளவு. நமக்கு இல்லை.

இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸின் நீளம் 5,325 மில்லிமீட்டர். மாருதி ஸ்விஃப்ட் 3,860. அதாவது ஒரு ஸ்விஃப்ட்டின் பின்னால் இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டரை ஒட்டிக்கொள்ளுங்கள். அடுக்குமாடிகளில் கார் நிறுத்தக் கோடு போடும்போது பொதுவாக 5 மீட்டர் நீளம்தான் கணக்கு. அந்த இடத்தில் இந்த வண்டியின் மூக்கோ வாலோ ஓர் அடி வெளியே நிற்கும். கவுடியாரில் பெரிய முற்றத்தோடு வீடு இருந்தால் கவலையில்லை. கரமனையில் அக்ரஹாரத் தெரு வீடு என்றால் முதலில் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். வாங்கிய பிறகு அளப்பதில் பயன் இல்லை.

நீளத்தைவிடத் தொந்தரவு தருவது திருப்பம். ஹைலக்ஸின் திருப்பு ஆரம் சுமார் 6.4 மீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 4.8 மீட்டர். பொன்முடிப் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் இறங்கி வரும்போது, சின்னக் கார்க்காரர் ஓரமாக ஒதுங்கி வழி விடுவார். உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. பஸ் டிரைவரோடு கண்ணால் பேசித்தான் யார் முதலில் போவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். சாலை சந்தைக்குள் காய்கறி வாங்க இதை எடுத்துப் போகலாமா என்று கேட்காதீர்கள்.

எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஹைலக்ஸ் ஒரு டன் சுமக்கும், 3.5 டன் டிரெய்லர் இழுக்கும் என்பது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அங்குள்ள மாடல்களுக்கு அங்குள்ள சான்றிதழின்படி சொல்லப்படும் எண். இந்தியாவில் உங்கள் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதை யூடியூப் தீர்மானிக்காது, உங்கள் ஆர்.சி. தீர்மானிக்கும்.

கணக்கு எளிது. ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றது வண்டியும் ஆட்களும் சரக்கும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைப்பது. ஒரு பேச்சுக்கு அந்த வித்தியாசம் 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால், ஆளுக்கு 70 கிலோ என்றாலும் 350 கிலோ போய்விட்டது. மிச்சம் 450. பின்தொட்டிக்கு மேல் இரும்பு மூடி ஒன்று மாட்டினால் அதன் எடையும் இதில்தான் கழியும். கடைசியில் கையில் நிற்பது சில சிமெண்ட் மூட்டைகள். ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மைலேஜ் அல்ல. "இந்த வேரியண்ட்டின் மொத்த எடை எவ்வளவு, வெற்று எடை எவ்வளவு" என்பதுதான். எழுதிக் கேளுங்கள்.

தொட்டியின் நீளமும் முக்கியம். இரட்டைக் கேபின் பிக்கப்பில் பின்தொட்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். ஒரு சாதாரண பைக் இரண்டு மீட்டர் இருக்கும். பின்கதவை மூடி ஏற்ற முடியாது. மூங்கில், பி.வி.சி. குழாய், ஏணி எல்லாமே வெளியே நீட்டும்.

இப்போது பக்கத்திலேயே உள்ள இன்னொரு 'பிக்கப்'பைப் பாருங்கள். காட்டாக்கடையிலிருந்து வாழைத்தாரும் ரப்பர் ஷீட்டும் ஏற்றி வருவது எது? மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா ஏஸ். 2023 ஏப்ரலில் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையின் விலை 7.85 லட்சத்தில் தொடங்கியது. பாரம், மாடலைப் பொறுத்து 1.3 டன்னிலிருந்து 2 டன் வரை. தொட்டி நீளம் மூன்று மீட்டர் வரை. சுமப்பதுதான் வேலை என்றால், ஒரு ஹைலக்ஸ் விலைக்கு இதில் மூன்று நான்கு வண்டி வாங்கி, டிரைவருக்குச் சம்பளமும் கொடுக்கலாம். அதில் ஏர்பேக் ஏழு இருக்காது, பொன்முடியில் பனிமூட்டத்தில் பாட்டு கேட்டுக்கொண்டு ஏற முடியாது. ஆனால் அது ஒரு லாரி. ஹைலக்ஸ் என்ன?

அரசு இதைக் காராகப் பார்க்கிறதா, லாரியாகப் பார்க்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை விலைப்பட்டியலிலேயே ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சரக்கு வாகனங்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது. பெரிய எஸ்.யூ.வி.களுக்கு, அதாவது நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து போதிய உயரம் உள்ள கார்களுக்கு, செஸ் உட்பட 50 சதவீதமாக இருந்தது 40 ஆனது.

அப்போது டொயோட்டா தன் எல்லா வண்டிகளுக்கும் விலைக் குறைப்பை அறிவித்தது. ஹைலக்ஸுக்கு அதிகபட்சம் 2,52,700 ரூபாய். இப்போது கால்குலேட்டரை எடுங்கள். உச்ச மாடலின் விலை 37.90 லட்சம். வரி 50-லிருந்து 40-க்கு இறங்கினால், 150 ரூபாய் கொடுத்த இடத்தில் 140 கொடுக்கிறோம். 37.90 லட்சத்தில் பதினைந்தில் ஒரு பங்கு சுமார் 2.527 லட்சம். அச்சு அசலாகப் பொருந்துகிறது. 28-லிருந்து 18-க்கு இறங்கியிருந்தால் குறைப்பு மூன்று லட்சத்தை நெருங்கியிருக்கும்.

ஆக, வரித்துறையின் கண்ணுக்கு இது பின்னால் தொட்டி வைத்த எஸ்.யூ.வி. 'பிக்கப்தானே, வரி கம்மியா இருக்கும்' என்கிற எண்ணத்தோடு போனால் பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும். தாய்லாந்தில் பிக்கப் இவ்வளவு சாதாரணமாக ஓடுவதற்குக் காரணம் அங்கே பிக்கப்புக்கு வரி குறைவு என்பதுதான். அங்கே அது விவசாயியின் வண்டி. இங்கே வரி அதை வசதியானவரின் வண்டியாக்கிவிட்டது.

மேலே மாநில வரி. கேரளாவில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள தனியார் கார்களுக்கு ஒரேமுறை வரி, விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும். 35 லட்சத்து வண்டி என்றால் சாலை வரி மட்டும் 7 லட்சத்துக்கு மேல். இன்சூரன்ஸ் தனி. தமிழ்நாட்டிலும் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எனவே எல்லையைத் தாண்டி களியக்காவிளை பக்கம் போய் பதிவு செய்தால் பெரிசாக மிச்சம் ஒன்றும் ஆகாது.

காராகப் பதிவாவதில் நன்மையும் உண்டு. வெள்ளை நம்பர் பலகை, பதினைந்து ஆண்டுப் பதிவு. சாதாரணக் கார் லைசென்ஸே போதும். மஞ்சள் பலகை வண்டியென்றால் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் ஃபிட்னஸ் சோதனைக்குப் போக வேண்டும். இதற்கு அந்த அலைச்சல் கிடையாது. பதிலுக்கு, கூலிக்குச் சரக்கு ஏற்ற முடியாது. உங்கள் தோட்டத்துத் தேங்காயை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் சாமானை வாடகை வாங்கி ஏற்றுவது வேறு. இரண்டாவதில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். பின்தொட்டியில் ஆட்களை ஏற்றுவதும் அப்படித்தான். திருவிழாவுக்குப் பையன்கள் ஏறிக்கொள்வது வேடிக்கையாகத் தெரியலாம். அங்கே சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை, அவர்களுக்கு ஏற்ற காப்பீடும் இல்லை.

நான்கு சக்கர டிரைவ் எப்போது உதவும்?

சாதாரணமாக ஓடும்போது ஹைலக்ஸ் பின்சக்கர டிரைவ் வண்டிதான். ஒரு திருகுக் குமிழைத் திருப்பினால் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும். இன்னொரு படி திருப்பினால் 'லோ' கியர். வேகம் குறையும், இழுவை பல மடங்காகும். செங்குத்தான மண் ஏற்றத்தில் பாரத்தோடு ஊர்வதற்கும், வழுக்குப் பாறையில் நிதானமாக இறங்குவதற்கும் அது.

முக்கியமான ஒன்று: இது பகுதிநேர நான்கு சக்கர டிரைவ். முன்னும் பின்னும் இறுகக் கோத்துக்கொண்டு ஓடும். உலர்ந்த தார் ரோட்டில் இதைப் போட்டு வளைந்தால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும். ஆனால் ஓட முடியாது. வண்டி முரண்டு பிடிக்கும், கியர் பெட்டியில் இறுக்கம் ஏறும். மழை பெய்கிறதே என்று எம்.சி. ரோட்டில் நான்கு சக்கரத்தில் வைத்துக்கொண்டு போகும் பழக்கம் வேண்டாம். சேறு, மணல், சரளை, இவைதான் அதற்கான இடம்.

இதோடு பின் அச்சைப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு பின்சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றும்போது, தரையில் ஊன்றி நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் சக்தி போக இது வழி செய்யும். முன்பக்க ஏறு கோணம் 29 டிகிரி, பின்பக்கம் 26 டிகிரி. பின்பக்க எண் குறைவு என்பதைக் கவனியுங்கள். வால் நீளம். மேட்டில் ஏறிவிடும் வண்டி, மறுபக்கம் இறங்கி முடிக்கும்போது பின் பம்பரைத் தேய்க்கும்.

நேர்மையாகச் சொன்னால், திருவனந்தபுரம் நகரத்துக்குள் வாழ்பவருக்கு இது ஆண்டுக்கு நாலைந்து நாள் பயன்படும் வசதி. அம்பூரி, விதுரா பக்கம் மழைக்காலத்தில் மண்பாதையில் தோட்டத்துக்குப் போக வேண்டியவருக்கு அது வேறு கதை.

டீசல் வண்டி என்பதால் இன்னொரு சின்ன எச்சரிக்கை. பி.எஸ்.6 டீசல்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர எஞ்சின் நன்றாகச் சூடாகித் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் வீட்டிலிருந்து ஸ்கூல், ஸ்கூலிலிருந்து வீடு என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தால் வடிகட்டி அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது பைபாஸில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

700 மில்லிமீட்டர் தண்ணீர்: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

தம்பானூரில் மழைநீர் தேங்குவது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அதைச் சரிசெய்ய 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒரு திட்டமே நடந்தது. அதனால் ஹைலக்ஸ் விளம்பரத்தில் '700 மில்லிமீட்டர் வாட்டர் வேடிங்' என்று பார்க்கும்போது மனசு அங்கேதான் போகும்.

700 மில்லிமீட்டர் என்பது பெரியவர் ஒருவருக்கு முழங்காலுக்கு மேல், தொடை வரை. எஞ்சின் காற்று உறிஞ்சும் குழாய் உயரத்தில் இருப்பதும் மின் இணைப்புகள் காக்கப்பட்டிருப்பதும்தான் இதைச் சாத்தியமாக்குகின்றன. ஆனால் அது நின்ற தண்ணீருக்கான அளவு. மெதுவாக, ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். வேகமாகப் போனால் முன்னால் எழும் அலை பானெட் உயரத்துக்கு வரும். அப்போது 700 கணக்கு செல்லாது. எதிரே ஒரு லாரி வேகமாக வந்தால் அது கிளப்பும் அலையும் அப்படித்தான்.

ஓடும் தண்ணீர் முற்றிலும் வேறு. அமெரிக்க தேசிய வானிலை சேவை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கை ஒன்று உண்டு: ஓடும் வெள்ளம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இருந்தாலே பல கார்களை மிதக்கவிடும், 60 சென்டிமீட்டர் இருந்தால் எஸ்.யூ.வி., பிக்கப் உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். விளம்பர எண்ணைவிட இது பத்து சென்டிமீட்டர் குறைவு! எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சக்கரம் தரையை விட்டுவிட்டால் எஞ்சின் ஓடி என்ன பயன்? அகல டயர்களும் மூடிய கேபினும் மிதப்பதற்குத்தான் உதவும்.

மலையோரத்தில் நாம் சப்பாத்து என்கிறோமே, ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய தரைப்பாலம், அங்கேதான் இது உயிர் விஷயமாகிறது. மேலே வெள்ளம் ஓடும்போது அடியில் பாலத்தின் விளிம்பு தெரியாது. கைப்பிடிச் சுவரும் பல இடங்களில் இருக்காது. கரமனை ஆற்றிலும் நெய்யாற்றிலும் அணை திறந்தால் நீர்மட்டம் சீக்கிரம் ஏறும். பெரிய வண்டியில் இருக்கிறோம் என்ற தைரியம்தான் அங்கே ஆபத்து. சின்னக் கார்க்காரர் பயந்து திரும்பிவிடுவார்.

2018 வெள்ளத்தில் செங்கன்னூர் பக்கம் மக்களைக் காப்பாற்றியது எது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஏறிய இடத்திலிருந்து ஓடியவை படகுகள்.

லைட் பார், பெரிய டயர், இரும்பு பம்பர் மாட்டலாமா?

பிக்கப் வாங்கியவர் அடுத்த வாரமே தேடுவது இதைத்தான். கேரளாவில் இது கொஞ்சம் ஆபத்தான ஆசை. வண்டி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிவிட்டுப் பதிவில் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு போனதே கேரளாவிலிருந்துதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளர் செய்யும் விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். லைட் பார் ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று மூன்றாகக் கணக்கு வைப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள், பாதுகாப்பைப் பார்த்தாலும் இரும்பு பம்பர் மோசமான யோசனை. இந்திய ஹைலக்ஸில் ஏழு ஏர்பேக் உண்டு. வண்டியின் முன்பகுதி எப்படி நசுங்குகிறது என்பதை வைத்துத்தான் அவை எப்போது விரிய வேண்டும் என்று அளவிடப்பட்டிருக்கிறது. முன்னால் ஓர் இரும்புச் சட்டத்தைக் கட்டினால் அந்த அளவீடு குழம்பும். நடந்து போகிறவர் மீது மோதினால் அவர் நிலைமை இன்னும் மோசம். தொட்டிக்கு மூடி வேண்டுமென்றால் நிறுவனமே அங்கீகரித்த துணைப்பொருளைத் தேர்ந்தெடுங்கள், அப்போதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

மின்சார ஹைலக்ஸ் எப்படி?

புது வரிசையின் மின்சார மாடலில் 59.2 கிலோவாட் மணி பேட்டரி, முன் ஒன்று பின் ஒன்று என இரண்டு மோட்டார்கள், நிரந்தர நான்கு சக்கர டிரைவ். டொயோட்டா ஐரோப்பாவில் சொன்ன பயண தூரம் சுமார் 240 கிலோமீட்டர், பாரம் 715 கிலோ, இழுவை 1,600 கிலோ. தண்ணீரில் போகும் ஆழம் டீசலைப் போலவே 700 மில்லிமீட்டர்.

240 கிலோமீட்டர் என்றால் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு ஒரு வழி போய்ச் சேரலாம். பொன்முடி போய்த் திரும்பவும் போதும். ஆனால் அது காலி வண்டிக்கு, ஆய்வகக் கணக்கில். தொட்டி நிறையச் சரக்கோடு மலை ஏறினால் வேகமாகக் குறையும். இது சுரங்கம், தோட்டம், துறைமுகம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றி, மாலையில் சார்ஜருக்குத் திரும்பும் வேலைக்கான வண்டி. விழிஞ்ஞம் துறைமுக வளாகத்துக்குள் இப்படி ஒன்று ஓடினால் பொருத்தமாக இருக்கும். குடும்பத்தோடு மூணாறு போக அல்ல.

இரண்டு மாநிலத்திலும் வீடு இருந்தால்?

திருவனந்தபுரத்தில் வேலை, நாகர்கோவிலில் வீடு என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். வண்டியை எந்த மாநிலத்தில் பதிவு செய்தீர்களோ அதற்கு வெளியே தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. மறுபதிவு என்றால் முதல் மாநிலத்திடமிருந்து தடையில்லாச் சான்று, புது மாநிலத்தில் மீதி ஆண்டுகளுக்கான வரி, பிறகு பழைய மாநிலத்தில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம். ஐந்து லட்சத்து ஆல்ட்டோவுக்கே இது அலைச்சல். இந்த விலை வண்டிக்கு, திரும்பி வரும்வரை முடங்கிக் கிடக்கும் தொகையே லட்சக்கணக்கில் இருக்கும். எனவே அடுத்த ஐந்து ஆண்டில் எந்த ஊரில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அந்த ஊர் முகவரியிலேயே முதல் பதிவைப் போடுங்கள்.